கண்டுபிடிக்கத்தான் கூலி

ஃபியூஸ் போன இண்டக்‌ஷன் அடுப்பு ஒன்று மேசைக்கு வந்தால், அதற்குள் செத்துக் கிடக்கும் பாகங்களின் விலை பெரும்பாலும் முந்நூறு ரூபாயைத் தாண்டாது. காயிலுக்குப் போகும் கரண்டைத் திறந்து மூடும் ஐஜிபிடி ஒன்று, ஏசியை டிசியாக்கும் பிரிட்ஜ் ஒன்று, ஒரு ஃபியூஸ். புது அடுப்பு வாங்க இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும். நடுவில் இவ்வளவு இடம் இருந்தும், நல்ல காயிலும் நல்ல கண்ணாடியும் உள்ள அடுப்புகள் பழைய இரும்புக் கடைக்குப் போய்க்கொண்டே இருக்கின்றன. வேலை தெரிந்த ஆள் இல்லாமல் இல்லை. பொருள் கிடைக்காமலும் இல்லை. சென்னை ரிச்சி தெருவில் இன்று பணம் போட்டால் ஓரிரு நாளில் என் கடை இருக்கும் மன்னார்குடிக்குக் கூரியரில் வந்துவிடுகிறது. அந்த அடுப்பு ஏன் போனது என்று கண்டுபிடிக்க ஒருவர் உட்கார வேண்டிய நேரம் இருக்கிறதே, அதுதான் விலை ஏறிக் கிடக்கிறது. ரிப்பேர் மலிவாக வேண்டுமென்றால் அந்த நேரத்தைக் குறைத்தாக வேண்டும். இந்தத் தொழிலில் நான் கற்றதெல்லாம் இந்த ஒரு இடத்தில்தான் வந்து சேர்கிறது.

என் கடையில் பாலிடெக்னிக் முடித்த இரண்டு பிள்ளைகள் வேலை பார்க்கிறார்கள். நீடாமங்கலம் பக்கத்துப் பெண் ஒருத்தி, உள்ளூர்ப் பையன் ஒருவன். மன்னார்குடியைச் சுற்றியுள்ள ஊர்களுக்கெல்லாம் எளிய செலவில் ரிப்பேர் செய்து தரும் ஒரு சிறு நிறுவனம் தொடங்கலாம் என்று மூவருமாக யோசித்து வருகிறோம். பேச்சு முதலில் ஆப்பில்தான் தொடங்கியது.

"ஆப்ல புக் பண்ணுனா நாம வீட்டுக்கே போயிடலாம்ண்ணே" என்றான் பையன்.

"போயி?"

"ஃபால்ட்டப் பாத்து அங்கயே முடிச்சிரலாம்."

"சீரிஸ் போர்டு, ஹாட் ஏர், பவர் சப்ளை எல்லாத்தையும் பைக்ல கட்டிட்டா போவ தம்பி?"

அவனைத் தட்டிக்கழிக்கக் கேட்டதல்ல இது. வீட்டுக்கே போய்ப் பார்க்கும் சேவையில் கூலியின் பெரும்பகுதி பெட்ரோலுக்கும் சாலையில் கழியும் நேரத்துக்கும் போய்விடுகிறது. போகிறவர் கையில் ஸ்க்ரூ டிரைவரும் மல்டிமீட்டரும்தான் இருக்கும். அந்த நிலையில் அவரால் செய்ய முடிந்தது ஒன்றுதான்: "போர்டு போயிடுச்சு, மாத்தணும்" என்று சொல்வது. போர்டு விலை பொருளின் விலையில் பாதியைத் தொடும். வீட்டுக்காரர் யோசிப்பார், புதிது வாங்கிவிடுவார். குளிர்சாதனப் பெட்டி, வாஷிங் மெஷின் மாதிரி தூக்க முடியாதவற்றுக்கு வீட்டுக்குத்தான் போக வேண்டும். அதில் மாற்றுக் கருத்து இல்லை. மிக்ஸி, அடுப்பு, டிவி, மின்விசிறி, ஹோம் தியேட்டர், அடாப்டர் எல்லாம் மேசையைத் தேடி வர வேண்டியவை.

மேசையில் என்ன நடக்கிறது என்று கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். மேலே சொன்ன அடுப்பையே எடுத்துக்கொள்வோம். ஐஜிபிடி ஷார்ட் ஆகியிருக்கிறது. அதைக் கழற்றிப் புதியதை வைத்து, ஃபியூஸ் மாற்றி நேராகக் கரண்ட் கொடுத்தால் பல நேரம் படார் என்று மறுபடியும் போகும். ஐஜிபிடி தானாகச் சாவது அரிது. அதை ஏதோ ஒன்று கொன்றிருக்கிறது. காயிலோடு சேர்ந்து வேலை செய்யும் 0.3 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் மதிப்புக் குறைந்திருக்கலாம். பிரிட்ஜுக்கு அடுத்துள்ள 5 மைக்ரோ ஃபாரட் கண்டென்சர் 3க்கு இறங்கியிருக்கலாம். 310 வோல்ட்டிலிருந்து சிப்புக்குத் தகவல் கொண்டுபோகும் பெரிய மதிப்பு ரெசிஸ்டர்களில் ஒன்று விட்டுப்போயிருக்கலாம். கறுக்கவே கறுக்காது, பார்த்தால் புத்தம் புதிதாக இருக்கும். ஐஜிபிடியை ஓட்டும் சின்ன டிரான்சிஸ்டர் ஜோடி கசியலாம். ஃபேனில் எண்ணெய்ப் பிசுக்கு ஏறி மெதுவாகச் சுற்றியிருக்கலாம். சமையலறை அடுப்பென்றால் கரப்பானையும் பார்க்க வேண்டும். சூடான இடம் தேடி உள்ளே போய்ப் போர்டின் மேல் அது விடும் கழிவு ஈரம் பட்டதும் கரண்டைக் கடத்தும். இவை ஒவ்வொன்றையும் பார்த்து, கழற்றி அளந்து, சீரிஸ் பல்பு வழியாகக் கரண்ட் கொடுத்து, 18 வோல்ட்டும் 5 வோல்ட்டும் வருகின்றனவா, ஐஜிபிடியின் கேட்டில் வேண்டாத வோல்டேஜ் ஏதும் நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பாத்திரம் வைத்து ஓட்டலாம். முதல் முறை பார்க்கிறவருக்கு அரை நாள் ஓடிவிடும். அரை நாள் கூலியை ஒரு அடுப்பின் மேல் ஏற்றினால் யார் தருவார்கள்? அதே மாதிரி போர்டு அடுத்த மாதம் வந்தால் கால் மணி நேரம் போதும். எந்த ரெசிஸ்டர் என்று கைக்குத் தெரிந்திருக்கும்.

சீரிஸ் பல்பைப் பற்றி இங்கேயே சொல்லிவிட வேண்டும். 100 வாட் குண்டு பல்பு ஒன்றை வரிசையில் கோத்து, அதன் வழியாகப் பொருளுக்குக் கரண்ட் கொடுப்பது. உள்ளே ஷார்ட் இருந்தால் பல்பு முழு வெளிச்சத்தில் எரியும். பொருளுக்கு மேற்கொண்டு சேதம் வராது. ஷார்ட் இல்லையென்றால் ஒரு நொடி மினுக்கிவிட்டு மங்கிவிடும். ரிப்பேர் கற்க வரும் எந்தப் பிள்ளைக்கும் நான் முதலில் செய்யச் சொல்வது இந்தப் பலகையைத்தான். குண்டு பல்பு இப்போது கடைகளில் எளிதில் கிடைப்பதில்லை. கண்ணில் படும்போதெல்லாம் வாங்கிச் சேர்த்து வைக்கிறேன்.

கண்டுபிடிக்கும் நேரம் குறைந்தால் ரிப்பேர் எவ்வளவு மலிவாகும் என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்ணால் பார்த்திருக்கிறது. 2006 செப்டம்பரில் இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம் தொடங்கி, அடுத்த சில ஆண்டுகளில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட வீடுகளுக்கு 14 அங்குலப் பெட்டிகள் போய்ச் சேர்ந்தன. அதற்கு முன்பு சாலிடேர், டயனோரா என்று சென்னையிலேயே செய்த பெட்டிகளும் வெளியூர்ப் பெட்டிகளும் கலந்து வரும்; ஒவ்வொன்றுக்கும் சர்க்யூட் படத்தைத் தேடி எடுக்க வேண்டும். இலவசப் பெட்டிகள் வந்த பிறகு தெருவுக்குத் தெரு ஒரே மாதிரி. குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு மட்டும் தெரிந்தால் வெர்டிகல் ஐசி. செத்துக் கிடந்தால் பவர் சப்ளையில் இன்ன கண்டென்சர். படம் வந்து வந்து போனால் எல்ஓடி என்ற லைன் அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரின் காலில் டிரை சோல்டர். மூடியைத் திறக்கும் முன்பே எதைக் கையில் எடுக்க வேண்டும் என்று தெரியும். கூலி நூறு, நூற்றைம்பது வாங்கிக்கொண்டே கடைகள் நன்றாக ஓடின. 2011இல் மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறித் திட்டம் வந்தபோதும் இதே கதைதான். அந்தக் காலத்து மெக்கானிக்குகள் மலிவான மனிதர்கள் என்பதால் கூலி குறையவில்லை. ஒரு பழுதைக் கண்டுபிடித்த உழைப்பை நூறு பெட்டிகள் பங்கு போட்டுக்கொண்டன.

இன்று வரும் பொருள்களைப் பார்த்தால் அந்த வசதி போய்விட்டது என்றுதான் தோன்றும். 32 அங்குல டிவியில் மட்டும் எத்தனை பெயர்கள்! ஆனால் பின்மூடியைக் கழற்றினால் விஷயம் வேறு. விலை குறைந்த டிவிகளில் பெயர் மாறுகிறதே ஒழிய உள்ளிருக்கும் மெயின் போர்டு திரும்பத் திரும்ப அதே சில வகைதான். வி56, வி59 மாதிரி எண்களை எத்தனை பெயர்களுக்குள்ளே பார்த்திருப்பேன்! இண்டக்‌ஷன் அடுப்பிலும் அப்படியே. அடாப்டர், எல்இடி டிரைவர், சின்னச் சாதனங்களின் பவர் சப்ளை எல்லாம் இன்னும் குறைவான குடும்பங்களுக்குள் அடங்கிவிடுகின்றன. 2006இல் அட்டைப்பெட்டி மேலேயே தெரிந்த ஒற்றுமை இப்போது மூடிக்குள் ஒளிந்திருக்கிறது. அதை வெளியே எடுத்துவிட்டால் பழைய மலிவு திரும்ப வரும். எங்கள் நிறுவனத்தின் அடிப்படையே இதுதான்.

எப்படி எடுப்பது? நோட்டில். கம்பெனிப் பெயரில் பக்கம் பிரித்தால் பயன் இல்லை. போர்டின் மேல் அச்சடித்திருக்கும் எண்ணின் பேரில் பிரிக்க வேண்டும். எனக்குத் தொழில் கற்றுத் தந்த அண்ணன் வட்டார ரேடியோ, டிவிக்களின் பழுதுகளையெல்லாம் பள்ளிக்கூட நோட்டுகளில் எழுதி வைத்திருந்தார். கார்பன் பேனாவில் சிறிய கையெழுத்து. நாங்கள் அதைச் சற்று மாற்றியிருக்கிறோம். போர்டு எண், வாடிக்கையாளர் சொன்ன குறை, நாங்கள் பார்த்த குறை, எந்தெந்தப் புள்ளியில் எத்தனை வோல்ட் இருந்தது, எந்தப் பாகம், என்ன வைத்தோம், எவ்வளவு நேரம் ஆனது. கடைசிக் கட்டத்தில் ஒரு கேள்வி: திரும்ப வந்ததா? இதை நிரப்ப மூன்று மாதம் காத்திருக்க வேண்டும். ஆனாலும் இதுதான் முக்கியம். சரியாகி வெளியே போன பொருளெல்லாம் சரியான ரிப்பேர் அல்ல. மூன்று மாதத்துக்குள் அதே குறையோடு திரும்பினால் அந்தப் பக்கத்தில் எழுதியது காரணம் அல்ல, விளைவு என்று பொருள். சிவப்பு மையில் வட்டம் போட்டு மறுபடியும் தேட வேண்டும்.

வாடிக்கையாளர் சொன்ன குறைக்குத் தனி இடம் விட்டது அந்தப் பெண்ணின் யோசனை. சரியான யோசனை. மீட்டர் எடுக்கும் முன் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியது நிறைய இருக்கிறது. எப்போது நின்றது, சத்தம் வந்ததா, என்ன வாசனை, மழை நாளா, அதற்கு முன் வேறு யாராவது திறந்தார்களா? வாசனை என்பது பெரிய தகவல். காயில் கருகினால் வார்னிஷ் நெடி. எலக்ட்ரோலைட்டிக் கண்டென்சர் கசிந்தால் சில நேரம் மீன் வாடை. "ரெண்டு நாளா ஆன் பண்ணுனா லேட்டா வந்துச்சு தம்பி, அப்புறம் வரவே இல்ல" என்று ஓர் அம்மா சொன்னால் பாதி வேலை முடிந்தது. தாமதமாகிக்கொண்டே வந்து நிற்பது பெரும்பாலும் கண்டென்சர் காய்ந்துபோன அறிகுறி.

கண்டென்சர் ஏன் இவ்வளவு சாகிறது என்று கேட்பார்கள். சூட்டினால். 105 டிகிரி, 2000 மணி நேரம் என்று குறித்து வரும் கண்டென்சர், 10 டிகிரி சூடு குறையக் குறைய ஏறத்தாழ இரண்டு மடங்கு காலம் உழைக்கும், கூடினால் பாதியாகும். மூடிய அடாப்டருக்குள் 65 டிகிரி என்று வைத்துக்கொண்டால் 32,000 மணி நேரம், அதாவது விடாமல் ஓடினால் மூன்றரை ஆண்டுக்குச் சற்று மேல். வைஃபை ரவுட்டர் அடாப்டர்கள் மூன்று, நான்கு ஆண்டில் வரிசையாக மேசைக்கு வருவதன் கணக்கு இதுதான். அதே கண்டென்சரில் 5000 மணி நேர வகை சில ரூபாய் கூடுதல். நாங்கள் வைப்பது அதைத்தான். அடாப்டரைக் கட்டிலுக்கு அடியில் துணிக்குள் போடாமல் காற்று படும் இடத்தில் வையுங்கள் என்று கையில் கொடுக்கும்போதே சொல்லி அனுப்புவோம்.

எல்இடி டிவிக்கு வருகிறேன். எனக்கு மிகவும் பிடித்த வேலை. "சத்தம் வருது, படம் வரல" என்று வந்தால் அறையை இருட்டாக்கி, திரையில் டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்ப்போம். மங்கலாகப் படம் ஓடுவது தெரிந்தால் பேனல் நன்றாக இருக்கிறது. பின்னால் ஒளி கொடுக்கும் எல்இடி பட்டைகள்தான் போயிருக்கின்றன. அந்த எல்இடிகள் வரிசையாகக் கோத்தவை. ஒன்று அறுந்தால் மொத்த வரிசையும் இருண்டுவிடும். கரண்ட் ஓடாததைப் பார்த்து டிரைவர் தன்னைத்தானே நிறுத்திக்கொள்ளும். ஆன் செய்த ஒரு நொடி வெளிச்சம் வந்து அணைவது அதனால்தான்.

பட்டை விலை அதிகமில்லை. ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. பட்டையை எட்ட வேண்டுமென்றால் முன்னால் உள்ள கண்ணாடிப் பேனலைத் தூக்கி வைக்க வேண்டும். அதன் ஓரத்தில் மெல்லிய ரிப்பன்கள் பொடிப்பொடிக் கோடுகளோடு ஒட்டியிருக்கும். ஒன்று கிழிந்தால் டிவி முடிந்தது. பேனல் விலைக்குப் புது டிவியே வாங்கலாம். தனி ஆளாக இதைச் செய்யக் கூடாது என்பது எங்கள் கடையில் சட்டம். இருபுறமும் இருவர் நின்று, ஒரே மூச்சில் தூக்கி, முன்பே துடைத்து விரித்த வெள்ளைத் துணியில் முகம் குப்புற வைக்க வேண்டும். பேச்சுக் கூடாது, செல்போன் எடுக்கக் கூடாது. ரிப்பன் பக்கம் எப்போதும் மூத்தவர் கை. அந்தப் பெண் இந்த வேலையைக் கற்றபோது குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுப்பவளின் கவனம் அவள் கையில் இருந்தது. இப்போது ரிப்பன் பக்கம் அவள்தான் நிற்கிறாள்.

போன எல்இடி ஒன்றை மட்டும் மாற்றினால் செலவு இன்னும் குறையும். நான் அதற்கு ஒப்புக்கொள்வதில்லை. கூடவே எரிந்து வயதான மற்றவை அடுத்த மாதம் போகும். பேனலை மறுபடியும் தூக்க வேண்டிவரும். தூக்கும் ஒவ்வொரு முறையும் ஆபத்து. ஆகவே எல்லாப் பட்டையும் புதிது. பிறகு டிரைவரில் கரண்ட்டை அளக்கும் ரெசிஸ்டரை மாற்றி, வெளிச்சத்தைக் கொஞ்சம் இறக்கிவிடுவோம். பகலில் வாசல் கதவு திறந்திருக்கும்போது வித்தியாசம் சற்றுத் தெரியும். எல்இடியின் ஆயுள் நன்றாகக் கூடும். இதை வாடிக்கையாளரிடம் முன்கூட்டியே சொல்லிச் சம்மதம் வாங்கித்தான் செய்ய வேண்டும். கேட்டால் பெரும்பாலானவர்கள் தலையாட்டுகிறார்கள்.

பழுதின் வடிவம் ஊரைப் பொறுத்தது. எங்கள் பக்கத்தில் இதை மறக்க முடியாதபடி காட்டியது கஜா. 2018 நவம்பர் 16 அதிகாலையில் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரையேறிய புயல், மின்கம்பங்களைச் சாய்த்துவிட்டுப் போனது. பல கிராமங்களுக்கு வாரக்கணக்கில் கரண்ட் இல்லை. ஓடு பறந்த வீடுகளில் டிவியும் கிரைண்டரும் மழையில் நனைந்து நின்றன. அப்போது வந்தவர்களிடமெல்லாம் நாங்கள் கேட்டது ஒரே கேள்வி: நனைந்த பிறகு ஸ்விட்ச் போட்டீர்களா? தண்ணீர் பட்டதால் மட்டும் போர்டு கெட்டுவிடாது. ஈரத்தோடு கரண்ட் கொடுத்தால் கோடுகளை வேகமாக அரிக்கும். போடாதவர்களின் பொருள்களைத் திறந்து, சேற்றைச் சுத்தமான தண்ணீரில் கழுவி, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் ஊற்றித் துலக்கி, நிழலில் ஃபேனுக்கு அடியில் காய வைத்தோம். கூலியாகக் கையில் இருந்ததைக் கொடுத்தார்கள்.

கரண்ட் வந்த பிறகு வேறு மாதிரிப் பழுது வந்தது. எங்காவது நியூட்ரல் விட்டுப்போனால் ஒரு ஃபேஸில் இருக்கும் வீடுகளுக்கு 230க்குப் பதில் 400 வோல்ட் வரை ஏறிவிடும். ஒரே தெருவிலிருந்து நான்கு வீட்டுப் பொருள்கள் ஒரே நாளில் வரும். உள்ளே பார்த்தால் கரண்ட் நுழையும் இடத்திலுள்ள நீல வட்டு, எம்ஓவி, வெடித்துத் தன் உயிரைக் கொடுத்து ஃபியூஸை அறுத்து மற்றதைக் காப்பாற்றியிருக்கும். இரண்டு பாகம், பத்து நிமிடம். செலவை மிச்சம் பிடிக்க எம்ஓவி வைக்காமல் விட்ட பொருள்களில் பவர் சப்ளை முழுக்கக் கரி. அன்றிலிருந்து டோக்கனில் தெருப் பெயரையும் எழுதுகிறோம். எம்ஓவி இல்லாத போர்டு எது வந்தாலும், எந்தக் குறைக்கு வந்திருந்தாலும், ஒன்றை வைத்தே அனுப்புகிறோம். அதற்குத் தனியாகக் காசு இல்லை.

இனி நிறுவனத்தின் அமைப்பு. திருத்துறைப்பூண்டி, நீடாமங்கலம், முத்துப்பேட்டை, வடுவூர் மாதிரி ஊர்களில் ஏற்கெனவே இருக்கும் மிக்ஸிக் கடைகள், காயில் கட்டுகிறவர்கள், செல்போன் ரீசார்ஜ் கடைகள் ஆகியவை பொருளை வாங்கும் இடங்கள். கார்பன் பிரஷ், கப்ளர், ஜார் புஷ், மின்விசிறிக் கண்டென்சர் என்று அங்கேயே முடிகிறவற்றை அவர்களே முடித்துக்கொள்வார்கள். அந்தக் கூலி முழுதும் அவர்களுடையது. போர்டு வேலை மட்டும் டோக்கன் கட்டி மன்னார்குடி மேசைக்கு வரும். பெரும்பாலும் முழுப் பொருளும் வர வேண்டியதில்லை. போர்டைக் கழற்றி அட்டையில் சுற்றிப் பஸ்ஸில் போட்டுவிட்டால் மதியத்துக்குள் வந்துவிடும். நோட்டு எல்லாருடைய செல்போனிலும் தமிழில் இருக்கும். நீடாமங்கலத்தில் இருப்பவர் போர்டு எண்ணைத் தட்டினால், அந்தப் பழுதை முன்பு யார் எப்படிச் சரிசெய்தார்கள் என்று வர வேண்டும். பையன் கேட்ட ஆப் இந்த இடத்தில் உண்மையிலேயே தேவைப்படுகிறது. அவன்தான் எழுதிக்கொண்டிருக்கிறான்.

பார்வைக் கட்டணம் பற்றி எங்களுக்குள் நீண்ட வாக்குவாதம் நடந்தது. "சரி பண்ணுனாத்தானே காசு" என்பது நம் ஊர் வழக்கம். அதன் விளைவு, கண்டுபிடித்த உழைப்புக்குக் கூலி கேட்க முடியாமல் அதைப் பாகத்தின் விலையில் ஒளித்து வைப்பது. பத்து ரூபாய் ரெசிஸ்டருக்கு முந்நூறு என்று பில் போட்டால் யாருக்குத்தான் சந்தேகம் வராது? மெக்கானிக் ஏமாற்றுகிறான் என்ற பேச்சு பாதி இங்கிருந்துதான் பிறக்கிறது. நாங்கள் வெளிப்படையாக எழுதப் போகிறோம்: பார்க்க 100 ரூபாய், பாகம் வாங்கிய விலை, வைக்கும் கூலி. நோட்டில் ஏற்கெனவே இருக்கும் பழுது என்றால் பார்வைக் கட்டணம் கிடையாது, ஏனென்றால் கண்டுபிடித்த கூலி முன்பே வந்துவிட்டது. மொத்தச் செலவு புதிய பொருளின் விலையில் ஐந்தில் இரண்டு பங்கைத் தாண்டினால் வேண்டாம் என்று நாங்களே சொல்லிவிடுவோம். அப்படிப்பட்ட பொருளை நியாய விலைக்கு வாங்கிக்கொள்வோம். அதிலுள்ள நல்ல பாகங்கள் போர்டு எண்படி டப்பாக்களில் போகும். கம்பெனியே விற்காத பாகம் எத்தனையோ அந்த டப்பாக்களில்தான் கிடைக்கிறது. மிஞ்சும் கழிவைப் பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடம்தான் தர வேண்டும். 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள மின்னணுக் கழிவு விதிகளில் பொருளைப் புதுப்பித்துக் கொடுப்பவர்களுக்கும் தனி இடம் உண்டு.

தொடக் கூடாதவையும் உண்டு. மைக்ரோவேவ் அவனின் கண்டென்சர் பிளக்கைப் பிடுங்கிய பிறகும் 2000 வோல்ட் அளவில் சார்ஜைப் பிடித்து வைத்திருக்கக்கூடியது. இன்வெர்ட்டர் ஏசியின் வெளி யூனிட் போர்டிலும் 310 வோல்ட் நிற்கும். சார்ஜ் இறக்கி அளந்து பார்த்தபின் தொடும் பழக்கம் கையில் ஊறும்வரை எந்தப் பிள்ளையையும் அவற்றின் அருகே விட மாட்டேன். சோல்டர் புகையை உறிஞ்ச மேசைக்கு மேசை ஃபேன், ஈயம் தொட்ட கையைக் கழுவாமல் டீ குடிக்கத் தடை, இவையும் செலவுக் கணக்கில் முதல் வரியில் இருக்கின்றன.

எங்களால் முடியாத இடங்களும் இருக்கின்றன. வாஷிங் மெஷின் போர்டின் மேல் ரெசின் ஊற்றி மூடிவிடுகிறார்கள். ஈரத்திலிருந்து காப்பாற்றத்தான் என்பது உண்மை. ஆனால் உள்ளே பத்து ரூபாய் பாகம் போனாலும் முழுப் போர்டும் குப்பை. பிஎல்டிசி மின்விசிறி 75 வாட் வேலையை 30 வாட்டில் செய்கிறது, அருமையான பொருள். அதன் காயிலும் காந்தமும் பல்லாண்டு உழைக்கும், கையளவுப் போர்டு ஒன்று போனதும் மின்விசிறியே நின்றுவிடுகிறது. சிப்புக்குள் இருக்கும் புரோகிராம் இல்லாமல் எங்களால் அதை எழுப்ப முடியாது. பிரான்சில் 2021இல் டிவி, வாஷிங் மெஷின், செல்போன் போன்றவற்றின் மேல், ரிப்பேர் செய்வது எவ்வளவு எளிது என்பதற்குப் பத்துக்கு மதிப்பெண் போட்டு விற்கத் தொடங்கினார்கள். இந்தியாவிலும் நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் ரிப்பேர் உரிமைக்கென்று ஓர் இணையதளம் தொடங்கியது. உத்தரவாதக் காலம் முடிந்த பொருளுக்குச் சர்க்யூட் படமும் புரோகிராமும் எந்த மெக்கானிக்கும் பெறலாம் என்ற நிலை வந்தால், எங்கள் நோட்டில் "முடியவில்லை" என்று எழுதிய பக்கங்களில் பாதியை நாங்கள் அழித்துவிடுவோம்.

நோட்டை எல்லாருக்கும் திறந்து வைத்தால் போட்டிக் கடைக்காரர்களும் பார்ப்பார்களே என்று நண்பர்கள் எச்சரிக்கிறார்கள். பார்க்கட்டும், எழுதவும் எழுதட்டும் என்பது எங்கள் மூவரின் முடிவு. பார்க்கிறவர் மாதம் இரண்டு பழுதாவது எழுத வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. எழுதியவர் பெயர் பக்கத்தின் கீழே இருக்கும். ஒரு வட்டாரத்தில் வேலை தெரிந்தவர்கள் பத்துப் பேர் என்றால், ஒரே போர்டைப் பத்துப் பேரும் தனித்தனியாக அரை நாள் தேடுவது அந்த வட்டாரத்துக்கே நட்டம்.

முதல் கட்டத்தில் மூன்று பொருள்கள் மட்டும் எடுக்கிறோம்: மிக்ஸி, இண்டக்‌ஷன் அடுப்பு, எல்இடி டிவி. ஐப்பசி மழை பிடிக்கும் முன் திருத்துறைப்பூண்டி, நீடாமங்கலம் இரண்டு ஊரிலும் டோக்கன் புத்தகமும் சீரிஸ் போர்டும் கொண்டுபோய் வைத்துவிட வேண்டும். மழையோடு இடி வரும், இடியோடு எம்ஓவி வெடித்த போர்டுகள் வரும். ரிச்சி தெருவுக்கு நூறு எம்ஓவியும், ஐந்து ஆம்பியர், பத்து ஆம்பியர் ஃபியூஸும் சொல்லியாயிற்று.